ஒரே கிருமி, இரண்டு எலிகள்

ஆய்வுக்கூடத்தில் இரண்டு சுண்டெலிகள். ஒன்று கறுப்பு. மற்றொன்று வெள்ளை, கண்கள் சிவப்பு. வயது ஒன்று, தீனி ஒன்று, கூண்டு இருக்கும் அறையின் வெப்பம்கூட ஒன்று. இரண்டின் பின்னங்கால் பாதத்திலும் ஒரே நாளில், ஒரே ஒட்டுண்ணியை, ஒரே அளவில் ஊசியால் செலுத்துகிறார்கள். வாரம் தவறாமல் பாதத்தின் தடிமனை காலிப்பர் வைத்து அளந்து நோட்டில் எழுதுகிறார்கள்.

முதல் சில வாரங்கள் இரண்டுக்கும் பாதம் வீங்குகிறது. அதற்குப் பிறகுதான் வழிகள் பிரிகின்றன. கறுப்பு எலிக்கு வீக்கம் வடிந்து, புண் ஆறி, அது பழையபடி ஓடியாடுகிறது. வெள்ளை எலிக்கு வீக்கம் நிற்கவே இல்லை. புண் பெரிதாகி, கிருமி மண்ணீரல், ஈரல் என்று உள்ளே பரவி, கடைசியில் எலியைக் கொன்றுவிடுகிறது.

இதைக் கேட்டதும் நம் வாயில் வரும் முதல் வார்த்தை என்ன? "பாவம், அந்த வெள்ளை எலிக்கு எதிர்ப்பு சக்தி கம்மி போல!"

விஞ்ஞானிகளும் சும்மா இருந்துவிடவில்லை, அளந்து பார்த்தார்கள். வெள்ளை எலியின் உடலும் முழு மூச்சாகத்தான் போராடிக்கொண்டிருந்தது. படை இருந்தது, படைக்கு உணவு இருந்தது, ஆயுதமும் இருந்தது. கையில் எடுத்த ஆயுதம்தான் அந்தப் போருக்கு உதவாதது.

இந்த வாரம் ஏன் எலிக் கதை என்று கேட்பீர்கள். வானொலியில் வேலை செய்பவர்களுக்கு "எதிர்ப்பு சக்தி" என்ற சொல் காதிலேயே குடியிருக்கும். தேன், மாத்திரை, பானம், பால் மாவு என எந்த விளம்பரத்தை எடுத்தாலும் அது இருக்கும். அண்மையில் எங்கள் உடல்நல நிகழ்ச்சிக்கு ஓர் அம்மா அழைத்தார். "தம்பி, என் பேரனுக்கு ராத்திரியெல்லாம் தோல் அரிப்பு, மூக்கடைப்பு வேற. எதிர்ப்பு சக்தி குறைஞ்சிருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதை ஏத்துறதுக்கு எது வாங்கிக் குடுக்கலாம்?" என்று கேட்டார். நிகழ்ச்சிக்கு வந்திருந்த மருத்துவர் சிரித்துக்கொண்டே, "எதிர்ப்பு சக்தி பெட்ரோல் டாங்கி இல்லம்மா, குறைஞ்சா நிரப்பிக்கிறதுக்கு" என்றார். அவர் சொன்னது மனத்தில் நின்றுவிட்டது. பெட்ரோல் டாங்கி இல்லையென்றால் அது என்ன? அதை எப்படித்தான் அளக்கிறார்கள்? தேடிப் போனால், வழி நேராக இந்த இரண்டு எலிகளிடம் போய் நின்றது.

காவலாளியின் அறையில் திருடன்

அந்த எலிகளுக்குச் செலுத்தப்பட்ட ஒட்டுண்ணியின் பெயர் லெய்ஷ்மேனியா. மணல் ஈ என்ற, கொசுவைவிடச் சிறிய பூச்சி கடிப்பதால் பரவுகிறது. இதில் பல வகைகள் உண்டு. ஒரு வகை தோலில் புண்ணை மட்டும் உண்டாக்கும். எலி ஆய்வில் பயன்படுவது அந்த வகைதான். இன்னொரு வகை காலா அசார் என்ற கொடிய காய்ச்சலைக் கொண்டுவரும். பீகார் பக்கம் பல தலைமுறைகளை வாட்டிய நோய் அது. அந்த வகையின் அறிவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'டோனோவானி' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சென்னைக் கதையும் இருக்கிறது. 1903இல் மதராஸ் அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்ல்ஸ் டோனோவான் என்ற மருத்துவர், நோயாளிகளின் மண்ணீரலில் இந்த ஒட்டுண்ணியைக் கண்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் லெய்ஷ்மன் என்பவரும் இதையே அறிவித்திருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து 'லெய்ஷ்மேனியா டோனோவானி' என்று வைத்துவிட்டார்கள்.

இந்தக் கிருமியின் சாமர்த்தியம் அது ஒளிந்துகொள்ளும் இடத்தில் இருக்கிறது. நம் உடலில் கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே விழுங்கணுக்கள் இருக்கின்றன. லெய்ஷ்மேனியா அந்த விழுங்கணுக்களுக்குள்ளேயே புகுந்து, அங்கேயே பெருகி வாழ்கிறது. வீட்டுக் காவலாளியின் அறையிலேயே திருடன் பாய் விரித்துப் படுத்த கதை.

கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட சொல் 'ஆன்டிபாடி'. ரத்தத்திலும் உடல் நீரிலும் மிதந்து, வெளியே திரியும் கிருமியைப் பிடிக்கும் புரதம் அது. அணுவுக்குள் புகுந்துவிட்ட கிருமியை அதனால் தொட முடியாது. அங்கே வேலை டி செல்களுக்கு.

'டி' என்பது தைமஸ் என்ற உறுப்பின் முதல் எழுத்து. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் இந்த உறுப்பால் எந்தப் பயனும் இல்லை என்றுதான் 1960 வரை பலர் நினைத்திருந்தார்கள். லண்டனில் எலிகளின் ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்த உடனே எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவை மெலிந்து, தொற்று நோய்களுக்கு இரையாகின. உடலில் இருக்க வேண்டிய வெள்ளணுக்களில் ஒரு வகையே அவற்றிடம் குறைந்து போயிருந்தது. 1961இல் அவர் அதை வெளியிட்டார். மனித உடலின் பெரிய உறுப்புகளில் கடைசியாகப் பயன் கண்டறியப்பட்டது தைமஸ்தான் என்று சொல்வார்கள்.

டி செல்களில் ஒரு பிரிவு தளபதிகள் போல. நேரடியாகச் சண்டை போடாமல், ரசாயனச் செய்திகளை அனுப்பி மற்ற அணுக்களை ஏவும். 1986இல் அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோ நகரில் டிம் மோஸ்மன், ராபர்ட் காஃப்மன் இருவரும் எலிகளின் டி செல்களைத் தனித்தனியாக வளர்த்து, ஒவ்வொன்றும் என்ன செய்தியைச் சுரக்கிறது என்று அளந்தார்கள். தளபதிகள் இரண்டு கட்சியாக இருப்பது தெரிந்தது. முதல் கட்சியின் முக்கியச் செய்தி இன்டர்ஃபெரான் காமா. "உள்ளே இருப்பதைக் கொல்" என்று விழுங்கணுக்களைத் தட்டி எழுப்பும் செய்தி அது. இரண்டாவது கட்சியின் செய்தி இன்டர்லூக்கின் 4. அது ஆன்டிபாடி தயாரிப்பையும், புழுக்களை விரட்டும் வேலைகளையும் ஊக்குவிக்கும்.

இப்போது நம் எலிகளிடம் திரும்புவோம். 1989இல் சான் பிரான்சிஸ்கோவில் ஃபிரெட் ஹைன்ஸல், ரிச்சர்ட் லாக்ஸ்லி முதலியோர் காஃப்மனோடு சேர்ந்து லெய்ஷ்மேனியா தொற்றிய எலிகளின் நிணநீர்க் கணுக்களை ஆராய்ந்தார்கள். புண் ஆறும் எலிகளில் இன்டர்ஃபெரான் காமா மேலோங்கி இருந்தது. புண் ஆறாத எலிகளில் இன்டர்லூக்கின் 4 மேலோங்கி இருந்தது.

தற்செயலாக இருக்கலாமே என்று கேட்பது நியாயம். அதையும் சோதித்தார்கள். வெள்ளை எலிக்குத் தொற்றின் ஆரம்பத்திலேயே இன்டர்லூக்கின் 4ஐ முடக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். சாக வேண்டிய எலி பிழைத்துக்கொண்டது. நோயைத் தாங்கும் இனத்து எலிகளில் இன்டர்ஃபெரான் காமாவை முடக்கினார்கள். பிழைக்க வேண்டியவை நோயில் விழுந்தன. படையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. எந்தக் கட்டளை எழுகிறது என்பதை மாற்றியதும் முடிவு தலைகீழானது.

கடுகு அளவு கணு, கோடிக் கணக்கில் அணு

கண்ணுக்கே தெரியாத அணு அனுப்பும் செய்தியை எப்படி அளக்கிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதி இது.

எலியின் முழங்காலுக்குப் பின்னால் கடுகு அளவில் ஒரு நிணநீர்க் கணு உண்டு. பாதத்தில் நடக்கும் சண்டைக்கு அதுதான் தலைமையகம். தொற்றுக்குப் பிறகு அது நன்றாகப் பருத்திருக்கும். அந்தக் கணுவை எடுத்து, மெல்லிய வலையில் தேய்த்து அணுக்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். எண்ணிப் பார்த்து, 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் குழிக்குச் சில லட்சம் அணுக்கள் என்று சமமாகப் பரிமாறுகிறார்கள்.

சில குழிகளில் செத்த ஒட்டுண்ணியின் சாற்றைச் சேர்க்கிறார்கள். சில குழிகளில் எதையும் சேர்ப்பதில்லை. இன்னும் சிலவற்றில் எந்த டி செல்லையும் உசுப்பிவிடும் வலுவான தூண்டி. எதுவும் சேர்க்காத குழி சும்மா இருக்க வேண்டும், தூண்டி போட்ட குழி துள்ளி எழ வேண்டும். இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் நடுவில் உள்ள ஒட்டுண்ணிக் குழியின் பதிலை நம்பலாம். நோயே தொற்றாத எலியின் அணுக்களுக்கும் இதே சோதனை நடக்கும். இந்த ஒப்பீடு இல்லாத எண் வெறும் எண்தான்.

உடல் சூட்டில், 37 டிகிரியில், இரண்டு மூன்று நாள் வைத்த பிறகு குழியில் உள்ள நீரை எடுத்து எலைசா என்ற முறையில் அளக்கிறார்கள். 1971இல் ஸ்டாக்ஹோமில் ஏவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் இருவரும் அறிமுகப்படுத்திய முறை. தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி, தேடும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே இன்னோர் ஆன்டிபாடி வந்து ஒட்டி நிறத்தைக் காட்டும். நிறம் அடர்ந்தால் புரதம் அதிகம். கோவிட் காலத்தில் வீட்டு மேசையில் வைத்து நாம் செய்த ஆர்டிகே சோதனை நினைவிருக்கிறதா? அதில் தெரிந்த கோட்டுக்கும் ஆன்டிபாடி பிடித்துக் காட்டும் இதே வித்தைதான் அடிப்படை.

ஆனால் எலைசா ஊர் மொத்தத்தின் சத்தத்தைத்தான் சொல்லும். ஆயிரம் பேர் மெல்லப் பேசினார்களா, பத்துப் பேர் கத்தினார்களா என்று தெரியாது. அதற்கு எலிஸ்பாட் என்ற முறை வந்தது. ஒவ்வொரு டி செல்லும் சுரப்பது, அது உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே ஒட்டிக்கொண்டு ஒரு புள்ளியாகத் தெரியும். வெளியே காயப்போட்ட வெள்ளை வேட்டியில் முதல் தூறல் விழுந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அப்படி. புள்ளிகளை எண்ணினால், பத்து லட்சம் அணுக்களில் எத்தனை பதில் கொடுத்தன என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது ஃப்ளோ சைட்டோமீட்டர். நெடுஞ்சாலை டோல் சாவடியில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது போல, அணுக்கள் ஒற்றை வரிசையில் லேசர் ஒளியைக் கடக்கும், நொடிக்கு ஆயிரக்கணக்கில். அணுக்களுக்கு முன்கூட்டியே ஒளிரும் சாயம் பூசியிருப்பார்கள். செய்தி வெளியே போய்விடாமல் அணுவின் வாசலை அடைக்கும் ஒரு மருந்தைக் கொடுத்து, உள்ளே தேங்கிய செய்திக்கும் சாயம் ஏற்றுவார்கள். எந்த அணு, எந்தக் கட்சி, கையில் என்ன செய்தி என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

1996இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் டேவிஸ் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒவ்வொரு டி செல்லின் மேலும் ஒரு பூட்டு உண்டு. குறிப்பிட்ட கிருமியின் துண்டு என்ற சாவி மட்டும்தான் அதில் பொருந்தும். ஒற்றைச் சாவி உடனே கழன்றுவிடுகிறது என்பதால், நான்கு சாவிகளை ஒன்றாகக் கோத்து, ஒளிரும் சாயத்தைச் சேர்த்து 'டெட்ராமர்' என்ற தூண்டிலைச் செய்தார்கள். தொற்று வருவதற்கு முன் ஓர் எலியின் உடலில் ஒரு குறிப்பிட்ட சாவிக்குப் பொருந்தும் டி செல்கள் சில பத்துகளோ சில நூறுகளோதான் இருக்கும். அதன் மண்ணீரலில் மட்டும் சுமார் 10 கோடி அணுக்கள். அந்தக் கூட்டத்தில் அந்தச் சிலரைத் தேடிப் பிடிக்க வழி பிறந்தது.

இதெல்லாம் எலிகளோடு நின்றுவிடவில்லை. வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்தால், மற்றவர்களுக்கு உறங்கும் தொற்று இருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள் அல்லவா? உங்கள் ரத்தத்தில் உள்ள டி செல்களுக்குக் காசநோய்க் கிருமியின் துண்டைக் காட்டி, அவை இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அது. ஒரு வகைச் சோதனை ஆஸ்திரேலியாவில் மாடுகளின் காசநோயைக் கண்டறிய உருவானதிலிருந்து வளர்ந்தது. மற்றொன்று நாம் மேலே பார்த்த அதே எலிஸ்பாட் முறை. பழைய முறையில் கையில் ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை மில்லிமீட்டரில் அளப்பதும் டி செல்லின் பதிலை அளப்பதுதான்.

புழு வந்தால் கதை மாறும்

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். இன்டர்ஃபெரான் காமா நல்லது, இன்டர்லூக்கின் 4 கெட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?

தோட்டத்தில் வளர்ந்த தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். பள்ளி விடுமுறையில் பூச்சி மருந்து குடித்த கதை வீட்டுக்கு வீடு இருக்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்த அந்த மருந்தின் இலக்குகளில் ஒன்று சாட்டைப் புழு. மண்ணிலிருந்து வாய் வழியாக முட்டை போய், பெருங்குடலில் தங்கி வாழும் புழு. இந்நாட்டு ஓராங் அஸ்லி பிள்ளைகளிடம் இன்றும் காணப்படும் தொற்று இது.

எலிகளுக்கும் ஒரு சாட்டைப் புழு உண்டு. மான்செஸ்டரில் கேத்ரின் எல்ஸ், ரிச்சர்ட் கிரென்ஸிஸ் முதலியோர் அதை வைத்துச் செய்த ஆய்வு 1994இல் வெளியானது. புழுவை விரட்டிவிடும் இனத்து எலிகளில் இன்டர்லூக்கின் 4இன் வேலையைத் தடுத்தபோது, புழு போகாமல் தங்கிவிட்டது. புழுவை விரட்ட முடியாத இனத்தில் இன்டர்ஃபெரான் காமாவை முடக்கியபோது, புழு வெளியேறியது. லெய்ஷ்மேனியா கதைக்கு நேர் எதிர்! அங்கே எலியைக் கொன்ற கட்டளை, இங்கே எலியைக் காப்பாற்றுகிறது.

குடலில் கிடக்கும் புழு விழுங்கணுவுக்குள் ஒளிந்திருக்கவில்லை. அதை விழுங்க எந்த விழுங்கணுவாலும் ஆகாது. குடலின் உள்தோலை வேகமாகப் புதுப்பித்து, சளியைச் சுரந்து, புழுவை வெளியே தள்ள வேண்டும். அதற்கு இரண்டாவது கட்சிதான் வேண்டும்.

அந்தப் பாட்டியின் கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. எக்ஸிமா என்ற தோல் அரிப்பிலும், பலவகை ஒவ்வாமைகளிலும் இந்த இரண்டாவது கட்சியின் கை ஓங்கியிருக்கிறது. விரட்ட வேண்டிய புழு எதுவும் இல்லாமலேயே, தூசிக்கும் உணவுக்கும் எதிராக அது வாளை உருவுகிறது. கடுமையான எக்ஸிமாவுக்காக 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் என்ற மருந்து, இன்டர்லூக்கின் 4 வந்து தட்டும் கதவை அடைத்துத்தான் நிவாரணம் தருகிறது. அதாவது மருத்துவம் அங்கே எதிர்ப்பின் ஒரு பகுதியை இறக்குகிறது. அரிப்பில் தூங்காத குழந்தைக்கு "சக்தி கம்மி" என்று புட்டி புட்டியாக வாங்கிக் கொடுப்பவர்கள் தயவுசெய்து இந்த ஒரு வரியை மட்டும் மறுபடி படியுங்கள். அந்தக் குழந்தை பார்க்க வேண்டியது தோல் மருத்துவரை.

ஆறிய பிறகும் கொஞ்சம் மிச்சம்

கறுப்பு எலி குணமானது என்றேன். அதன் பாதத்தில் கிருமி அடியோடு ஒழிந்துவிட்டதா?

இல்லை. புண் ஆறி மாதக்கணக்கில் ஆன பிறகும் சிறிதளவு ஒட்டுண்ணிகள் அங்கே பதுங்கி இருக்கின்றன. 2002இல் யாஸ்மின் பெல்கைட், டேவிட் சாக்ஸ் முதலியோர் இதற்குக் காரணத்தைக் காட்டினார்கள். டி செல்களில் 'போதும், நிறுத்து' என்று சொல்லும் மூன்றாவது வகை ஒன்று உண்டு. கட்டுப்படுத்தும் டி செல்கள் என்று பெயர். அவைதான் கடைசிக் கிருமி வரை கொல்லவிடாமல் படையைத் தடுக்கின்றன. அந்தத் தடையை நீக்கியபோது எலி கிருமியை முற்றாகத் துடைத்துவிட்டது. நல்லதுதானே என்று நினைத்தால், மறுபடி அதே கிருமியைச் செலுத்தியபோது எலியிடம் பழைய பாதுகாப்பு இல்லை! மிச்சமிருந்த அந்தக் கொஞ்சம் கிருமிதான் படையைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது.

நம் வீடுகளில் சண்டை முடிந்த பிறகும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்போமே, அப்படி ஒரு சமாதானம்.

ரத்தத்தில் தெரியாதது ஈரலில் இருக்கும்

எதை அளப்பது என்பதைப் போலவே, எங்கே அளப்பது என்பதும் முக்கியம். மலேரியா இதற்கு நல்ல சாட்சி.

நமக்கு மலேரியா தூரத்து நோய் இல்லை. மனிதரிடையே பரவும் மலேரியா 2018இல் உள்ளூர்த் தொற்றாக மலேசியாவில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி வகை, சபாவிலும் சரவாக்கிலும் காட்டோரம் வேலை செய்பவர்களை இன்றும் படுக்கவைக்கிறது. சரவாக்கின் காப்பிட் பகுதியில் அது பரவலாக இருப்பதை 2004இல் உலகுக்குக் காட்டியது, நம் நாட்டு விஞ்ஞானி பல்பீர் சிங் தலைமையிலான குழு.

கொசு கடித்ததும் மலேரியாக் கிருமி முதலில் போவது ஈரலுக்கு. 1967இல் நியூயார்க்கில் ரூத் நுசன்ஸ்வைக், எலி மலேரியாக் கிருமிகளைக் கதிர்வீச்சால் பலவீனப்படுத்தி எலிகளுக்குச் செலுத்தினார். பிறகு உயிருள்ள கிருமியைக் கொடுத்தபோது அவை பாதுகாக்கப்பட்டன. வியன்னாவில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே நாஜிகளிடமிருந்து தப்பிக் குடும்பத்தோடு பிரேசிலுக்குப் போன பெண்மணி அவர். மலேரியாவுக்குத் தடுப்பூசி சாத்தியம் என்ற நம்பிக்கைக்கு அந்த எலிகள்தான் அஸ்திவாரம். அந்தப் பாதுகாப்பில், தொற்றிய அணுவையே கொல்லும் டி செல்களுக்குப் பெரும் பங்கு இருப்பதை 1980களின் இறுதியில் வந்த ஆய்வுகள் காட்டின. அந்த டி செல்களை அகற்றியதும் பாதுகாப்பும் போயிற்று.

2016இல் மெல்பர்னிலிருந்து வந்த எலி ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது. இந்த நினைவுப் படையில் ஒரு பகுதி ஈரலிலேயே நிரந்தரமாகக் குடியேறி, அங்குள்ள நுண்குழாய்களில் ரோந்து வருகிறது. ரத்தத்தில் அது சுற்றுவதில்லை. ஆகவே கையில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தில் அந்தப் படை தெரியாது. எலியிடம் ஈரலை எடுத்துப் பார்க்கலாம். தடுப்பூசி போட்டுக்கொண்ட மனிதரிடம் "உங்கள் ஈரலைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்க முடியுமா? உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த முதல் மலேரியாத் தடுப்பூசி பெரும்பாலும் ஆன்டிபாடி வழியாக வேலை செய்வது. டி செல்லை நம்பும் தடுப்பூசிகள் பின்தங்கி நிற்பதற்கு, அளப்பதில் உள்ள இந்தச் சிரமமும் ஒரு காரணம்.

எலிகளுக்கும் கணக்கு உண்டு

எலியை வைத்துத்தான் இதையெல்லாம் கற்க வேண்டுமா என்ற கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. கணுவை எடுத்த எலி திரும்பக் கூண்டுக்குப் போவதில்லை. 1959இல் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் என்ற இருவர், வேறு வழி இருந்தால் விலங்கைத் தவிர்க்க வேண்டும், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், வேதனையைக் குறைக்க வேண்டும் என்று மூன்று விதிகளை எழுதினார்கள். ஆய்வுக்கூடங்களின் நெறிக்குழுக்கள் இன்று அவற்றைத்தான் அளவுகோலாக வைத்திருக்கின்றன. வெள்ளை எலி சாகும்வரை காத்திருக்காமல், புண் ஓர் அளவைத் தொட்டதும் ஆய்வை முடித்துவிட வேண்டும் என்பதும் அந்த நெறியில் வருவதுதான். துல்லியமாக அளப்பதற்கும் இதில் பங்கு உண்டு. அளவை நம்பகமாக இருந்தால் பத்து எலியில் கிடைக்கும் விடைக்கு நூறு எலி தேவைப்படாது.

எலியில் கண்டது அப்படியே மனிதனுக்குப் பொருந்திவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஆய்வு எலிகள் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவில் இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. ஓர் இனத்து எலிகள் எல்லாம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. நாமோ ஒரே வீட்டு அண்ணன் தம்பிகூட ஒன்றுபோல் இல்லை. இரண்டு கட்சிகளின் பிரிவு மனிதரிடம் அவ்வளவு தெளிவாகக் கோடு போட்டுத் தெரிவதும் இல்லை. ஆனாலும் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை அந்த எலிகள் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன.

ஆகவே அடுத்த முறை மருந்துக் கடையிலோ பாசார் மாலாமிலோ யாராவது ஒரு புட்டியைக் காட்டி, "இது எதிர்ப்பு சக்தியை ஏற்றும்" என்றால், மரியாதையாக மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தக் கிருமிக்கு எதிரான சக்தி? அதில் எந்த வகையை ஏற்றும்? யாரிடம், உடலில் எங்கே அளந்து பார்த்தீர்கள்? மூன்றுக்கும் பதில் வந்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். வராவிட்டால், அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு நல்ல பழம் வாங்கிக் கொடுங்கள். தடுப்பூசி அட்டையில் ஏதாவது தவணை விட்டுப்போயிருக்கிறதா என்றும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அதில் இருக்கும் ஒவ்வோர் ஊசிக்கும் பின்னால், எதற்கு எதிராக, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று அளந்து எழுதிய கணக்கு இருக்கிறது.

அடுத்த வாரம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.